கடைசியாக நிற்கும் மெஷின்

கால்சட்டைப் பையை வெளியே இழுத்து உதறுகிறார். ஒரு பேருந்துச் சீட்டு, ஒரு திருகாணி, பாதி தின்ற மிட்டாய். திருகாணி கண்ணாடி ஜாடிக்குப் போகிறது, மற்றவை குப்பைக்கு. அடுத்து ஒரு சட்டை. கை நுனியை விரித்து வெளிச்சத்தில் பிடிக்கிறார். "மை. ஆபீஸ்லதான் வேலைன்னு சொன்னான், பொய் சொல்லல." அதற்கடுத்த சட்டையை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளிக்கிறார். "இவன் சாப்பிட்டுட்டு சட்டையிலயே கைய தொடைக்கிறான். இவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னா யாராவது நம்புவாங்களா?"

கடையின் பின்பக்கத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும் கணவர் தலை நிமிராமல் சொல்கிறார்: "கல்யாணம் ஆனதாலதான் தொடைக்கிறான். துவைக்க ஆள் இருக்குல்ல."

ஈரக் காலுறை ஒன்று பறந்து போய் அவர் தோளில் விழுகிறது. அவர் அதை எடுத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைக்கிறார்.

தெருவில் எல்லோருக்கும் இவர் நுரையக்கா. அறுபதை நெருங்கும் வயது. குட்டையான, அகலமான உருவம். முழங்கை வரை சுருட்டிவிட்ட சட்டைக் கைகள். சோப்பும் சூடும் பட்டு விரல் நுனிகள் வழவழப்பாகி, கைபேசி அவர் விரலை அடையாளம் காண்பதில்லை. அழைப்பு வந்தால் மூக்கு நுனியால் திரையைத் தொட்டு எடுப்பார். பேசும்போது கைபேசியையும் ஒருமுறை ஏப்ரனில் துடைத்துக்கொள்வார்.

கடை ஒரே அறை. சுவரோரமாக ஐந்து சலவை இயந்திரங்கள். வாடிக்கையாளர்களே துணி போட்டு எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு இயந்திரத்தின் நெற்றியிலும் நகப்பூச்சால் எண் எழுதியிருக்கும். எதிரே ஒரு நீண்ட பெஞ்சு. துணி சுழலும் நேரம் முழுவதும் அதில் உட்கார்ந்து சும்மா இருப்பதைத் தவிர யாருக்கும் வேறு வேலை கிடையாது. நுரையக்காவுக்குப் பொறுக்க முடியாத காட்சி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், சும்மா உட்கார்ந்திருக்கும் ஆட்கள். பந்தயம் அப்படித்தான் ஆரம்பித்தது.

விதிகள் எளிமையானவை. சனிக்கிழமை காலை, ஐந்து இயந்திரங்களும் காலியாக இருக்கும் நேரம். பந்தயத்தில் சேருகிறவர் தனக்குப் பிடித்த இயந்திரத்தின் கண்ணாடிக் கதவை விரல் முட்டியால் இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டிவிட்டால் அது அவருடையது, மாற்ற முடியாது. துணி போட்டுக் கதவை மூடியதும், நுரையக்கா சோப்புக் கரண்டியால் தகர மூடியில் ஓங்கி ஒரு அடி அடிப்பார். எல்லோரும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துவார்கள். எந்த இயந்திரம் கடைசியாக நிற்கிறதோ, அதன் ஆள் தோற்றவர். தோற்றவர் அந்த வாரம் ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டும். என்ன காரியம் என்பதை நுரையக்கா முடிவு செய்வார். முணுமுணுக்கக் கூடாது.

"அப்ப ஜெயிச்சவனுக்கு என்னக்கா?" என்று கூரியர் வண்டி ஓட்டும் இளைஞன் ஒருமுறை கேட்டான்.

"துணி சீக்கிரம் கெடச்சுதுல்ல? எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

அடுத்த வாரம் அவன் தோற்றான். முடி வெட்டிக்கொள்ளக் கூடாது என்று தீர்ப்பு. புற்றுநோய்க்கு மருத்துவம் பார்த்து முடி கொட்டியவர்களுக்கு விக் செய்து கொடுக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. அவர்கள் கேட்கும் நீளம் வரும்வரை வளர்க்க வேண்டும். வளர வளர அவன் அம்மா கடைக்கே வந்து சண்டை போட்டாள். "பொண்ணு பாக்கப் போன எடத்துல, யாருங்க பொண்ணு, யாருங்க மாப்பிள்ளைன்னு கேக்குறாங்க!" நுரையக்கா அசரவில்லை. "கேக்கட்டும். அந்த வீட்டுக்காரங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுன்னு அர்த்தம்." ஒருவழியாகப் பின்னலை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்த அன்று அவன் பெஞ்சில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். குளிருதாம்.

ஆளைப் பார்த்துத்தான் வேலை கொடுப்பார். "வாயே தெறக்காதவன பேச விடணும். வாய மூடாதவன பட்டன் தைக்க விடணும்" என்பது அவர் கொள்கை. பேசியே கழுத்தறுக்கும் வங்கி அதிகாரி, யாரும் எடுக்க வராத சட்டைகளுக்குப் பட்டன் தைத்தார். அவை வீடில்லாதவர்கள் தங்கும் விடுதிக்குப் போயின. பூனையைக் கண்டால் நடுங்கும் தையற்காரி, பழைய துண்டுகளை மூட்டை கட்டி விலங்குக் காப்பகத்துக்குக் கொண்டு போய்க் கொடுத்தாள். திரும்பி வரும்போது கூடையில் ஒரு பூனைக்குட்டி இருந்தது.

நுரையக்காவும் பந்தயத்தில் உண்டு. எப்போதும் முதலாம் எண். எப்போதும் முதலில் நிற்பதும் அதுதான். "ஒண்ணாவது மெஷின் சொன்ன பேச்சு கேக்கும். வீட்ல யாராவது ஒருத்தராவது கேக்க வேணாமா?" பின்பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று நீராவி விடும். அதுதான் பதில்.

தோற்றவர்களுக்குக் காத்திருக்கும் வேலைகளில் பெரியது, பெஞ்சுக்கு அடியில் உள்ள கூடை. ஜோடி தொலைந்த காலுறைகள் அதில் சேரும். சலவைக் கடையில் காலுறை எங்கே தொலைகிறது என்று எந்தப் பொறியியல் புத்தகத்திலும் இல்லை. அந்த ஒற்றைக் காலுறைகளுக்குப் பட்டன் கண்ணும் கம்பளி நூல் மீசையும் தைத்தால் கைப்பொம்மை ஆகும். அதைக் கையில் மாட்டிக்கொண்டு, அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்குப் போக வேண்டும். போய்ப் பேச வேண்டும். பெரும்பாலானவர்கள் இதற்குப் பதில் ரத்தம் கொடுக்கிறேன் என்று கெஞ்சுவார்கள். "அதையும் குடு, இதையும் செய்" என்பார் நுரையக்கா.

வாராவாரம் இந்தத் தண்டனையை வாங்கியவர் என் அப்பா.

அப்பா குடிநீர் மீட்டர்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். அம்மா போன பிறகு அதுவும் குறைந்தது. தொலைபேசியில் நான் பேசுவேன், அவர் "ம்" கொட்டுவார், பிறகு "சாப்பிட்டியா" என்பார், வைத்துவிடுவார். அவர் வீட்டில் சலவை இயந்திரம் இருந்தது. நல்ல இயந்திரம், நான் வாங்கிக் கொடுத்தது. சரியாகப் பிழியவில்லை என்று குறை சொல்லி, சனிக்கிழமை தோறும் பையைத் தூக்கிக்கொண்டு நுரையக்கா கடைக்கு நடந்து போவார். ஒருமுறை நான் ஊருக்கு வந்தபோது அந்த இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. சொன்னேன். "அப்படியா" என்றார். சனிக்கிழமை வந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நுரையக்கா அவரை "மீட்டர் சார்" என்று கூப்பிடுவார். அவர் இவரை "முதலாளியம்மா" என்பார். என்னை முதல்முதலாகப் பார்த்தபோது என்ன வேலை என்று நுரையக்கா விசாரித்தார். ஆலையில் குழாய்களில் ஓடும் திரவத்தை அளக்கும் கருவிகளைப் பராமரிக்கிறேன் என்றேன். "அப்பா தண்ணிய அளந்தாரு, பொண்ணு வேற எதையோ அளக்குது. உங்க வீட்ல யாருமே எதையும் சும்மா குடிக்க மாட்டீங்களா?" அப்பா அன்று சிரித்தார். பல் தெரிய.

அவர் எப்போதும் மூன்றாம் எண்ணைத்தான் தட்டுவார். எப்போதும் அதுதான் கடைசியாக நிற்கும். மாற்றிப் பாருங்கள் சார் என்று பெஞ்சே கத்தும். "ராசியில்லாத ஆளு. எதைத் தொட்டாலும் இப்படித்தான்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கூடையில் கையை விடுவாராம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். செய்தித்தாள் மடியில் இருந்தது. நான் வந்து சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள், பாதிப் பேர் எனக்குத் தெரியாதவர்கள். அவர்களில் ஒருவர் குழந்தைகள் வார்டு நர்ஸ். கைப்பைக்குள் இருந்து ஒரு சாம்பல் நிறக் காலுறையை எடுத்து அப்பாவின் கை அருகே வைத்தார். பட்டன் கண், கறுப்பு மீசை, அட்டையில் வெட்டிய தொப்பி. அந்தக் காலுறையை எனக்கு அடையாளம் தெரிந்தது. என்னுடையது. போன விடுமுறைக்கு வந்தபோது ஒன்று தொலைந்தது என்று வீடு முழுவதும் தேடினேன். அப்பாவும் கூட நின்று தேடினார்.

"இன்ஸ்பெக்டர்" என்றார் நர்ஸ். "பசங்க வெச்ச பேரு. வந்து ஒவ்வொருத்தன் வயித்துலயும் காத வெச்சுக் கேப்பாரு. 'ம்ம்ம்... மீட்டர் ஓடலையே! தண்ணி குடிச்சியா, மருந்து குடிச்சியா? கனெக்சன புடுங்கிடுவேன்!' அப்படின்னு ஒரு குரல். எந்தப் புள்ளையும் அவருகிட்ட முரண்டு பிடிச்சதில்ல."

அப்பாவுக்கு அப்படி ஒரு குரல் இருந்தது என்று எனக்குத் தெரியாது. வார்டில் ஒரு குழந்தையிடம் கேட்டால் அப்பாவைப் பற்றி என்னைவிட அதிகம் சொல்லும்.

காரியங்கள் முடிந்து, விடுப்பு முடிவதற்குள் வீட்டை ஒழுங்குபடுத்தினேன். எல்லாம் முடிந்தது, அவர் கட்டில் விரிப்பைத் தவிர. அதை வீட்டு இயந்திரத்தில் போட மனம் வரவில்லை. பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை நுரையக்கா கடைக்குப் போனேன்.

கடை திறந்திருந்தது. பெஞ்சு நிறைய ஆட்கள், துணி போடாமலே பையை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தகர மூடி ஆணியில் தொங்கியது. கூடையில் காலுறைகள் வழிந்து தரையில் கிடந்தன. அந்த நர்ஸ் வாசலில் நின்று நுரையக்காவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அக்கா, யாரையாவது அனுப்புங்க. இன்ஸ்பெக்டர் எப்ப வருவாருன்னு கேட்டே எங்களக் கொல்லுதுங்க. ஒரு ஸ்பூன் மருந்து உள்ள போறதுக்குள்ள எங்க உசிரு வெளிய வந்துடுது."

"பந்தயம் இல்லம்மா இனிமே. யாராவது தானா போனா போகட்டும். நான் சொல்ல மாட்டேன்."

பெஞ்சில் யாரும் நிமிரவில்லை. நர்ஸ் வார்டுக்குத் திரும்பிவிட்டார்.

நுரையக்கா என்னைப் பார்த்தார். பையை வாங்கிப் பிரித்தார். விரிப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். முகரவில்லை, வெளிச்சத்தில் பிடிக்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. எந்தத் துணியைப் பற்றியும் ஏதாவது சொல்லாமல் அவர் இருந்து நான் பார்த்ததில்லை.

"எல்லாம் காலியாத்தான் இருக்கு. எதுல வேணா போட்டுக்கோ கண்ணு. மூணாவதுல மட்டும் வேணாம். அதைப் பழைய இரும்புக்குக் குடுக்கப் போறேன்."

"ஏன்க்கா? ரிப்பேரா?"

"ரிப்பேர்லாம் இல்ல." ஏப்ரனில் கையைத் துடைத்தார். காய்ந்திருந்த கையை மறுபடியும் துடைத்தார். "உங்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்ல? உங்கப்பாவ நான் ஏமாத்திக்கிட்டே இருந்தேன்டி."

சொன்னார். ஆரம்பத்தில் அப்பா இரண்டு முறை தானாகத்தான் தோற்றார். வார்டுக்குப் போனார். இரண்டாவது முறை நுரையக்காவும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்று பார்த்தார். "வாய்ல இருந்து வார்த்தையே வராத மனுஷன், அந்தப் புள்ளைங்க நடுவுல உக்காந்துக்கிட்டு என்னா பேச்சு பேசினாரு தெரியுமா! இவர இனிமே ஜெயிக்க விடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்." அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அப்பா கதவை மூடும் முன், அவருக்குத் தெரியாமல் துணிக்கு நடுவே ஒரு பெரிய ஈரத்துண்டைச் செருகிவிடுவாராம். இயந்திரம் நின்றதும் முதல் ஆளாகப் போய் அதை உருவிக்கொள்வாராம். பாரம் ஒரு பக்கமாகச் சேர்ந்தால் இயந்திரம் வேகமாகச் சுழலத் தயங்கும், நின்று நின்று போகும். கடைசியாகத்தான் நிற்கும்.

"நல்லதுக்குத்தான் செஞ்சேன். ஆனா அந்த மனுஷன் ராசியில்லாதவன், ராசியில்லாதவன்னு சொல்லிக்கிட்டே போய்ச் சேந்துட்டாரே. கடைசி வரைக்கும் தன்ன அப்படித்தானே நெனச்சிருப்பாரு? இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் மூடிய தட்டுவேன்?"

எனக்கு ஒரு கணக்கு இடித்தது. ஈரத்துண்டு இயந்திரத்தைத் தாமதப்படுத்தும், உண்மை. எப்போதாவது. துணி தானாகப் பரவிக்கொண்டால் ஒன்றும் ஆகாது. வாராவாரம், ஒரு முறைகூடத் தவறாமல், கடைசியாக நிற்க வைக்க ஒரு துண்டுக்குத் திறமை போதாது.

"ஸ்பேனர் இருக்காக்கா?"

"பின்னாடி இருக்கும். எதுக்கு?"

மூன்றாம் எண்ணை முன்னால் இழுத்தேன். தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டு, இயந்திரத்தின் முதுகில் அது சேரும் இடத்தைக் கழற்றினேன். அழுக்கை நிறுத்தும் சிறிய வலை இருந்தது, சுத்தம். அதற்குப் பின்னால் ஒரு வில்லை. இளம் பச்சைப் பிளாஸ்டிக், நடுவில் குண்டூசித் தலை அளவு ஓட்டை. எந்த நிறுவனமும் இப்படி ஒரு பாகத்தை அங்கே வைக்காது. மாத்திரை டப்பாவின் மூடியில் இருந்து வெட்டியது. அப்பா ரத்த அழுத்தத்துக்கு விழுங்கும் மாத்திரை. விளிம்பு அரத்தால் ராவப்பட்டிருந்தது. கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன, வலது கைக்காரர் ராவினால் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். அப்பா இடது கைக்காரர். வில்லையின் மேல் உப்பு ஏடு ஏடாகப் படிந்திருந்தது. நேற்று வைத்ததல்ல.

உள்ளங்கையில் வைத்து நுரையக்காவிடம் நீட்டினேன்.

"என்னது? அடைப்பா?"

"அடைப்புதான். தானா வந்தது இல்ல. அப்பா வெச்சது."

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். இந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் வந்தாக வேண்டும். மற்ற இயந்திரங்கள் நிரம்பிச் சுழல ஆரம்பித்த பிறகும் மூன்றாவது குடித்துக்கொண்டேயிருக்கும். எத்தனை முறை தண்ணீர் மாற்றுகிறதோ அத்தனை முறையும் பின்தங்கும். "நீங்க துண்டு போட்டாலும் கடைசி, போடாட்டியும் கடைசி. அவரு ராசியில்லாம தோக்கலக்கா. திட்டம் போட்டுத் தோத்தாரு."

நுரையக்கா வில்லையை எடுத்து ஓட்டை வழியாக விளக்கைப் பார்த்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது.

"என் கடையில. என் மெஷின்ல. எனக்குத் தெரியாம!" குரல் ஏறியது. "இது தண்ணி மெதுவா குடிக்குது, கொஞ்சம் பாருங்க மீட்டர் சார்னு நான்தான்டி அவர்கிட்ட சொன்னேன்! ஸ்பேனர நான்தான் எடுத்துக் குடுத்தேன்! குனிஞ்சு, கழட்டி, ஊதி, தொடச்சு, மாட்டிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? 'வயசாயிடுச்சு முதலாளியம்மா, இனிமே இப்படித்தான்'னு! அதுக்கு நான் டீ வேற வாங்கிக் குடுத்தேன்!"

பெஞ்சில் எல்லாக் கைபேசிகளும் இறங்கிவிட்டன.

"ராசியில்லன்னு மூஞ்சிய வேற தொங்கப் போட்டுக்குவாரு. பாவம்னு நான் வீட்டுக்குப் போயும் பொலம்புவேன். நடிப்பு! அத்தனையும் நடிப்பு!"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. கணவர் முதல் முறையாக மேசையை விட்டு வெளியே வந்தார். வில்லையை வாங்கிப் பார்த்தார்.

"தானா போனா வெக்கம்," என்றார். "தோத்துப் போனா வெக்கமில்ல."

நுரையக்கா அவரை முறைத்தார். பிறகு அந்த முறைப்பு அப்படியே உடைந்து சிரிப்பாயிற்று. வயிறு குலுங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டார். நெடுநேரம் மூடியபடியே இருந்தார். தோள் குலுங்கியது. உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. என் கையில் ஸ்பேனர் இருந்தது, அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இதைத் தூக்கிப் போட்டுறவாக்கா?" என்று கேட்டேன். "எடுத்துட்டா மெஷின் நல்லா ஓடும்."

ஏப்ரன் இறங்கியது.

"எங்க இருந்துச்சோ அங்கயே வை."

வைத்தேன். வலையை வைத்தேன், குழாயை முறுக்கினேன், இயந்திரத்தைச் சுவரோடு தள்ளினேன். திரும்பியபோது நுரையக்கா ஆணியில் இருந்து தகர மூடியை எடுத்திருந்தார். பெஞ்சில் சலசலப்பு. கூரியர் இளைஞன், இப்போது ஒட்ட வெட்டிய தலை, பாய்ந்து போய் முதலாம் எண்ணைத் தட்டினான். யாரும் அதை இதுவரை தட்டத் துணிந்ததில்லை. தட்டிவிட்டு அவனே பயந்துபோய் நுரையக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவர் மூடியை ஏப்ரனில் துடைத்துக்கொண்டிருந்தார். வங்கி அதிகாரி இரண்டைத் தட்டினார், தையற்காரி நான்கை, ஈரக்குடையோடு வந்த ஒரு புது ஆள் ஐந்தை.

அப்பாவின் கட்டில் விரிப்பு இன்னும் நுரையக்காவின் தோளில் கிடந்தது. அதை எடுத்தார். நான்கு மூலையையும் தேடிப் பிடித்து ஒருமுறை மடித்தார். மூன்றாம் எண்ணின் கதவைத் திறந்து உள்ளே வைத்து மூடினார்.

"அக்கா, அது மூணாவது!" என்று கத்தினான் கூரியர் இளைஞன். "நல்லா யோசிச்சுக்கோங்க. வார்டுல போய் மீசைய ஒட்டிக்கிட்டுப் பேசணும்!"

நுரையக்கா ஈர விரலை ஏப்ரனில் துடைத்தார். முட்டியை மடக்கினார். கண்ணாடியில் இரண்டு முறை தட்டினார்.